மகனைத் தேடி மலையேறிய தாய்... திருவண்ணாமலையில் அம்மாவுடன் ஒரு நாள்!

அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆரணி பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். நான் சென்னையில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் ஒரே பேச்சுதான். "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடும்மா." அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதில்தான். "பார்க்கலாம்டா."

போன மாதம் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "மொதல்ல என்னை திருவண்ணாமலைக்குக் கூட்டிட்டுப் போ. கிரிவலம் நிறைய சுத்திட்டேன். அந்தக் குகைக்கு மட்டும் போனதில்ல. போயிட்டு வந்து பேசலாம்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பெரிய கோயில் வாசலில் நின்றோம்.

பாதாள லிங்கத்திலிருந்து...

217 அடி ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனதும் ஆயிரங்கால் மண்டபம். அதன் கீழே படி இறங்கினால் பாதாள லிங்கம். 1896-ல் இங்கேதான் ஒரு பதினாறு வயதுப் பையன் வெளியுலகமே தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண். அதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் அவன். பிற்பாடு உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. அப்பா இறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் இருந்தபோது, காரணமே இல்லாமல் மரண பயம் பிடித்துக்கொண்டது. அவர் டாக்டரைத் தேடி ஓடவில்லை. பிணம் மாதிரி நீட்டிப் படுத்துக்கொண்டு யோசித்தார். சாவது இந்த உடம்பு. அப்படியென்றால் 'நான்' என்பதும் சேர்ந்து சாகிறதா? சாகவில்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் படிப்பில் மனம் ஓடவில்லை. ஆகஸ்ட் 29-ம் தேதி, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1-ம் தேதி இங்கே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு இந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்கப்பா போனப்ப எனக்கும் அதான்டா தோணுச்சு. கூடத்துல படுக்க வெச்சிருந்தது அவர்தான். ஆனா அவர் இல்ல. அப்ப இத்தனை வருஷம் நான் யாரோட பேசிக்கிட்டிருந்தேன்?"

என்னிடம் பதில் இல்லை.

குகைக்குள் ஒரு கேள்வி

கோயிலின் மேற்குப் பக்கத்தில், பேய்க் கோபுரத் தெரு அருகிலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. "செருப்பைக் கழட்டிடு. மலையே சாமிடா" என்றார் அம்மா. கல் படிகளில் நின்று நின்று ஏறினோம்.

விருபாக்ஷ குகை சின்னதுதான். உள்ளே விருபாக்ஷ தேவரின் சமாதி, ஒரு விளக்கு. வெளியே காற்று அடித்தாலும் உள்ளே வெதுவெதுப்பு. 1899 முதல் 1916 வரை பெரும்பாலும் ரமணரின் வீடு இதுதான்.

தென்னாற்காடு மாவட்டத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் 1902 வாக்கில் ரமணரிடம் சில கேள்விகளைக் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மண்ணிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள்தான் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின.

அதன் சாரம் எளிமையானது. ஒரு எண்ணம் வருகிறதா? அது யாருக்கு வந்தது என்று கேள். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று திரும்பிப் பார். உடம்பா? இல்லை. மனசா? அதுவும் வந்து போகிறது. இவற்றையெல்லாம் கவனிக்கிற ஒன்று மிஞ்சுகிறது. எல்லா உயிரிலும் இருப்பது அந்த ஒன்றே என்பதுதான் அத்வைதம். ரமணர் புத்தகம் படித்து இதற்கு வரவில்லை. தனக்கு நடந்ததைத்தான் சாஸ்திரங்களும் சொல்கின்றன என்று பிறகுதான் தெரிந்துகொண்டார்.

அப்படியானால் யோகாவும் மூச்சுப் பயிற்சியும் எதற்கு? அவற்றை அவர் ஒதுக்கவில்லை. மூச்சை அடக்கினால் மனம் அடங்கும். ஆனால் மூச்சை விட்டதும் மனம் மறுபடி கிளம்பிவிடும். அதனால் அது ஒரு துணை மட்டுமே என்றார். என் வேலை மொழியில் சொன்னால், மூச்சுப் பயிற்சி என்பது போனை சைலன்ட்டில் போடுவது. மெசேஜ் வருவது நிற்காது. யாருக்கு வருகிறது என்று கேட்பது வேறு வேலை.

நானும் கண்ணை மூடி உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கட்டுரை ஞாபகம் வந்தது. கண்ணைத் திறந்தால், அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் காத்திருந்தேன்.

அம்மா வந்தார், அடுப்பு எரிந்தது

அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஸ்கந்தாசிரமம். சுனை, தென்னை மரங்கள், கீழே கோபுரங்களோடு மொத்தக் கோயிலும் ஒரே பார்வையில்.

ரமணரின் அம்மா அழகம்மாள் 1898-ல் மகனைத் தேடி வந்தார். பவளக்குன்றில் இருந்த மகனிடம் வீட்டுக்கு வரச் சொல்லி நாள்கணக்கில் அழுதார். ரமணர் வாய் திறக்கவில்லை. கடைசியில், நடக்க வேண்டியதுதான் நடக்கும் என்கிற பொருளில் எழுதிக் கொடுத்தார். அழகம்மாள் வெறுங்கையோடு திரும்பினார்.

1916-ல் அவரே மகனோடு தங்க வந்துவிட்டார். அந்த ஆண்டு எல்லோரும் இந்த ஸ்கந்தாசிரமத்துக்குக் குடிவந்தார்கள். அதுவரை பிச்சையெடுத்து வந்ததைப் பகிர்ந்து சாப்பிட்ட இடத்தில் அழகம்மாள் சமைக்க ஆரம்பித்தார். 1922 மே 19-ம் தேதி அவர் உயிர் பிரியும் வரை, ஒரு கையைத் தலையிலும் ஒரு கையை மார்பிலும் வைத்தபடி மகன் பக்கத்திலேயே இருந்தார்.

மலையடிவாரத்தில் அந்தத் தாய்க்குச் சமாதி எழுந்தது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாசிரமம். பால் பிரண்டன், சாமர்செட் மாம் போன்ற எழுத்தாளர்கள் கடல் கடந்து தேடி வந்த இடம் அது. அங்கே ரமணர் விடியற்காலையில் சமையற்கட்டில் காய் நறுக்கினார். வீட்டை விட்டு வரட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களிடம், இருக்கும் இடத்திலேயே விசாரிக்கலாம் என்றார். 1950 ஏப்ரல் 14-ம் தேதி அங்கேயே மறைந்தார்.

சுனையருகே உட்கார்ந்து நான் பேச்சை எடுத்தேன். "குகையும் பார்த்தாச்சு. எப்பம்மா வர்ற?"

"அந்த அம்மாவே பதினெட்டு வருஷம் கழிச்சுத்தான் வந்திருக்காங்க" என்று சிரித்தார். பிறகு கேட்டார். "நான் தனியா இருக்கேன்னு பயமா இருக்கா?"

"ஆமா."

"யாருக்கு?"

எனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு அங்கே தோட்டம் இருக்கிறது, பக்கத்து வீட்டு அத்தை இருக்கிறார், கறவை மாடு இருக்கிறது. ராத்திரி போன் அடித்தால் பதறுவது நான். அப்பாவின் கடைசி நாளில் ஊரில் இல்லாதவனும் நான்தான். அம்மாவுக்காகக் கூப்பிடுகிறேன் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கீழே இறங்கி ஆசிரமத்தில், அழகம்மாளின் சமாதி மேல் உள்ள மாத்ருபூதேஸ்வரர் சன்னதியைக் கும்பிட்டோம். பஸ் ஸ்டாண்டில் அம்மாவை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "வேணும்னா நானே சொல்றேன்டா. அதுவரைக்கும் மாசம் ரெண்டு தடவை நீ வா" என்றார் ஜன்னல் வழியாக. இந்த மாதம் ஒருமுறை போய் வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போவதானால்...

* சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கி.மீ. கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் உண்டு.
* கோயில், விருபாக்ஷ குகை, ஸ்கந்தாசிரமம், ஆசிரமம் என்ற வரிசையில் போனால் ரமணரின் வாழ்க்கையை அதே வரிசையில் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறவும்.
* குகையும் ஸ்கந்தாசிரமமும் பகலில்தான் திறந்திருக்கும். கிளம்பும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அவசியம். தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்குகள் விடாது.
* ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.
* பௌர்ணமி அன்று 14 கி.மீ. கிரிவலப் பாதையில் கூட்டம் அலைமோதும். குகையில் அமைதியாக உட்கார வேண்டுமென்றால் சாதாரண நாளில் போங்கள்.