ஏழையின் பசு என்னும் உருவகம்

வெள்ளாட்டை ‘ஏழையின் பசு’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. துண்டுப் பிரசுரங்களிலும் கால்நடைத்துறை மேடைகளிலும் கடன் திட்டங்களின் முன்னுரைகளிலும் இது தவறாமல் வருகிறது. ஒரு உருவகம் நெடுநாள் புழங்கிவிட்டால் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. சேலம் நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரை இது பொய்யான உருவகம் என்பது என் அபிப்பிராயம். சென்ற வருஷம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டடமாகாமல் மிஞ்சியிருக்கும் ஆறு சென்ட்டில் இரண்டு ஆடுகள் வந்து சேர்ந்திராவிட்டால் இந்த அபிப்பிராயம் எனக்கு ஏற்பட்டிருக்காது.

இந்தச் சமவெளியின் சொந்த ஆடு சேலம் கருப்பு. உயரமாக, முழுக் கறுப்பாக இருக்கும். (எவ்வளவு கறுத்திருந்தாலும் அது வெள்ளாடுதான். செம்மறிக்கு எதிர்நிலையாக நிற்கும் சொல் என்பதால் கண்முன்னால் இருக்கும் நிறத்தைப் பற்றி அது கவலைப்படுவதில்லை போலும்.) இது கறிக்கான இனம். மடியில் ஊறும் பால் குட்டிகளுக்குப் போதும், அவ்வளவே. அம்மா ஓமலூர்ப் பக்கத்தில் ஆடுகளோடு வளர்ந்தவள். மருந்துக்கென்று யாராவது சங்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றால் கறந்து கொடுத்திருக்கிறாளே தவிர, வீட்டுக்கென்று ஆட்டைக் கறந்தது கிடையாது. பால் குட்டிக்கு, குட்டி பணத்துக்கு. பள்ளிக்கூடம் திறக்கும்போதும் சீர் செய்ய வேண்டியிருக்கும்போதும் ஒரு கிடா சந்தைக்குப் போகும். அதைப் பசு என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். சேமிப்புக் கணக்கு என்றால் ஒப்புக்கொள்வாள். ‘ஆடு கறக்கவும் பூனை குடிக்கவும் சரி’ என்ற பழமொழி ஆட்டுப்பாலின் அளவைப் பற்றித் தமிழ் கொண்டிருந்த மதிப்பீடுதான்.

பாலுக்காக ஆடு என்ற எண்ணம் என் மனைவியுடையது. ஆறு வயசுப் பெண்ணுக்குப் பாக்கெட் பாலை ஊற்றிக்கொண்டிருப்பதில் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மாடு கட்ட இடமில்லை. தலைச்சேரி ஆடு ஒரு லிட்டருக்குக் குறையாமல் கறக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். மலபாரிலிருந்து வந்து தமிழ்நாட்டில் நன்றாகப் பரவிவிட்ட இனம் அது. அம்மா மறுக்கவில்லை. “வாங்கறது வாங்கறீங்க, கூட ஒரு கருப்பும் வாங்கிருங்க, கண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

கொங்கணாபுரம் சனிச்சந்தைக்கு மூவரும் போனோம். மடி புடைத்த ஆடுகளாகத் தேடிக்கொண்டிருந்த என் மனைவியிடம், “ராத்திரியே குட்டியைப் பிரிச்சு நிறுத்திட்டு ஓட்டியாந்திருப்பாங்க. மடியைப் பாக்காத, பல்லைப் பாரு” என்றாள் அம்மா. பால்பல்லா, இரண்டு பல் போட்டதா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். பிரதியைத் தவிர வேறெதையும் நம்பாத விமர்சகர்களுக்கு இந்தச் சந்தையைச் சிபாரிசு செய்வேன். கடைசியில் இரண்டாம் ஈத்துச் சினையாக ஒரு தலைச்சேரிக் கலப்பும், இன்னும் கிடாய்க்கு விடாத ஒரு கருப்பும் 26,000 ரூபாய்க்குப் படிந்தன.

வங்கியில் நான் பார்த்த ஆடுகள் காகிதத்தில் இருப்பவை. இருபது பெட்டைக்கு ஒரு கிடா என்பது ஒரு யூனிட். கடனில் வாங்கிய ஆட்டின் காதில் வில்லை இருக்கும். ஆடு செத்தால் அந்த வில்லையைக் காட்டினாலொழிய இன்சூரன்ஸ் கிடையாது, ஆகவே நிர்வாகத்தைப் பொறுத்தவரை ஆடு என்பது ஒரு காது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) நாவலில் ஆட்டுக்குக் காது குத்திக்கொள்ள ஜனங்கள் அதிகாரத்தின் முன் வரிசையில் நிற்கிறார்கள். அதை உருவகம் என்று விளக்குகிறவர்கள் உண்டு. கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் பாதி யதார்த்தவாதம்.

1978இல் ஆரம்பித்து 1980இல் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்து, 1999இல் வேறொரு திட்டத்தில் கரைந்துபோன ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் காலத்திலிருந்து ஆடு அரசாங்கத்தின் கருணைக்கு ஒரு சௌகரியமான பிராணியாக இருந்துவருகிறது. 2011இல் தமிழக அரசு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுக்கத் தொடங்கியபோது ‘விலையில்லா’ என்ற அடைமொழி சேர்ந்தது. வாங்கியவர்களுக்கு அதன் மதிப்பே விலையில்தான் இருந்தது என்பது அந்தச் சொல்லின் விசேஷம்.

தலைச்சேரி ஐப்பசியில் ஈன்றது. இரண்டு குட்டி, இரண்டும் கிடா. சீம்பால் நாட்கள் கழிந்ததும் வீட்டில் ஒரு மௌனமான பாகப்பிரிவினை ஆரம்பமாயிற்று. குட்டிகளை இரவில் கொடாப்புக்குள் கவிழ்த்து வைத்து, விடியற்காலையில் கறந்துவிட்டு, பிறகு ஊட்ட விடுவது ஏற்பாடு. எவ்வளவு விடுவது என்பதுதான் பிரச்னை. என் மனைவி இரண்டு காம்பையும் கறப்பாள். அம்மா எழுந்து வந்து, “ஒரு காம்பு வுட்ருமா, அது குட்டியோடது” என்பாள். “ரெண்டும் நாள் பூரா குடிக்குது அத்தை” என்று பதில் வரும். கருவேப்பிலைக்கு வெளியே போகிறவள் போல அம்மா போய், பொழுது நன்றாக விடியுமுன்பே கொடாப்பை நிமிர்த்திவிட்ட நாட்களும் உண்டு. பேத்திக்கு எதிராக ஆட்டுக்குட்டியின் கட்சியில் அவள் நின்றாள் என்று சொல்வது சரியில்லை. இன்னொருவருடையதை எடுக்கிறோம் என்பது தெரிந்து எடு என்பதுதான் அவள் தரப்பு.

பால் நன்றாகவே இருந்தது. பசும்பாலைவிட வெள்ளை, மஞ்சள் சாயலே இல்லை. ஆடு கரோட்டின் முழுவதையும் வைட்டமின் ஏ ஆக்கிவிடுகிறது என்பது காரணம். ஆடை எளிதில் படிவதில்லை, தயிர் சற்றுத் தளர்வாகத்தான் உறைகிறது. கிடா அருகில் இல்லாததால் வாடையும் இல்லை. தழைதான் பெரிய வேலை. அகத்தி, வேம்பு, கிளுவை. ஊரைச் சுற்றிக் குச்சிக்கிழங்குக் காடுகள் இருக்கும்போது தழைக்கு என்ன பஞ்சம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அந்தப் பச்சை இலையில் விஷம் இருக்கிறது. அம்மா அதை வேலிக்குள் வர விடவில்லை.

ஆட்டுப்பால் என்றதும் காந்தி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டவர் அவர். கல்கத்தாவில் பசு எருமைகளைக் கறக்கும் கொடுமையைப் பற்றிப் படித்ததும் அதற்கு ஒரு காரணம். கேடாவில் ஆள்சேர்ப்புக்கு அலைந்து சாகக் கிடந்தபோது, விரதம் பசுவுக்கும் எருமைக்கும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று வழி காட்டியவர் கஸ்தூரிபா. காந்தி இணங்கினார். சொல் காப்பாற்றப்பட்டது, சொல்லின் ஆன்மா போயிற்று என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். தன்னை இவ்வளவு தூரம் விசாரித்துக்கொண்ட மனிதர் அந்தப் பக்கங்களில் குட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு அம்மாவின் ஒரு காம்பு தெரிகிறது.

அம்மா பெட்டைகளுக்குத்தான் பெயர் வைப்பாள். கிடாக்குட்டிகளைப் ‘பெருசு’, ‘சின்னது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடு ஐந்து மாதம் சுமந்து ஈன்றால்தான் பால். ஈனுவதில் ஏறக்குறைய பாதி கிடா. ஆறு சென்ட்டில் இரண்டு கிடாக்கள் வளர முடியாது, அவற்றால் பாலும் இல்லை. ஆகவே பாலுக்காக மட்டும் ஆடு வளர்க்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைக் கசாப்புக்காரரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஞாயிறுதோறும் கடையில் கறி வாங்குகிற குடும்பம் எங்களுடையது, எனவே இதில் புனிதம் பேச இடமில்லை. பெரியதை முனியப்பனுக்கு விட்டுவிடலாம் என்றாள் அம்மா. அங்கேயாவது யாருக்கு, எதற்கு என்று ஒரு பேச்சிருக்கும் என்பது அவள் நினைப்பு. அப்படியானால் சமைத்துச் சாப்பிட வேண்டியவர்களும் நாம்தான், அது தன்னால் ஆகாது என்றாள் என் மனைவி. யாரோ வாங்கிக்கொண்டு போனால் பரவாயில்லை என்றாள். இருவரில் யார் இரக்கமுள்ளவள் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பங்குனியில் வியாபாரி வந்து உயிர் எடைக்கு நிறுத்து இரண்டையும் எடுத்துக்கொண்டார். 9,500 ரூபாய். அதுவரை கறந்த பால் மனைவியின் நோட்டுப்படி 62 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று வைத்தாலும் 3,720. பாலுக்கென்றே வாங்கிய ஆட்டிலும் பணம் குட்டியில்தான் இருந்தது.

ஆடு இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு காம்பிலுமாகப் பால் ஒரு லிட்டரைத் தாண்டிற்று. அம்மா எழுந்து வரவில்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 1.1 என்று இருக்கிறது. வைகாசியில் பால் மறுக்கத் தொடங்கியது. கருப்பு வாலை ஆட்டிக்கொண்டு கத்துகிறது, கிடாய்க்கு விடவேண்டும் என்று அம்மா சொல்கிறாள். தலைச்சேரியையும் கூடவே ஓட்டிக்கொண்டு போவதா என்று இன்னும் முடிவாகவில்லை.