அழகரும் அஜ்கரும்

சித்தப்பா முதன்முதலாக மும்பைக்கு வந்தபோது வழியைக் கடிதத்தில் எழுதியிருந்தேன்: குர்லாவில் ஹார்பர் லைன் வண்டி பிடித்து, செம்பூருக்கு அடுத்த கோவண்டியில் இறங்குங்கள். வந்து சேர்ந்தவர் சொன்னார்: "யாரைக் கேட்டாலும் நான் சொன்னதையே திருத்தித் திருப்பிச் சொல்றாங்கப்பா."

அவர் கேட்டது 'கோயில்' என்பதில் வரும் கோ. இங்குள்ளவர்கள் சொல்வது 'கோபி' என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது வரும் கோ. சித்தப்பா மேல் தப்பில்லை. தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்கும் க வன்மையாக ஒலிக்கும் என்பதுதானே நம் வழக்கம்? அதே ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தை யாரும் சொல்லித்தராமலே சரியாகச் சொன்னார். ண்-ஐ ஒட்டி வரும் ட தானே மென்மையாகிவிடுகிறது. தேவநாகரி நான்கு எழுத்து வைத்திருக்கும் இடத்தில் நாம் ஒன்றை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வாசிப்பவரின் நாக்குக்கு விட்டுவிட்டோம். தமிழ்ச் சொல்லுக்கு இந்த ஏற்பாடு போதும். வெளியூர்ப் பெயர் வந்தால்தான் தடுமாற்றம். இன்னொரு மும்பைப் பகுதியின் பெயரை மாடுங்கா என்று எழுதினால் முதலில் மாடு வந்து நிற்கிறது. மாட்டுங்கா என்றால் ட இரட்டித்து அழுத்தம் கூடிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான சங்கடம் எனக்கு நேர்ந்தது. என் பெயர் அழகர். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். ழ-வுக்கு வழக்கம்போல இஸட், ஹெச். அதைப் பார்த்து மராத்தியில் பதிவேட்டை எழுதியவர், இஸட்டுக்கு மராத்தியில் வழங்கும் ஜகர எழுத்தைப் போட்டார். மறுநாள் வருகை எடுக்கும்போது வகுப்பே சிரித்தது. அஜ்கர் என்றால் இந்தியிலும் மராத்தியிலும் மலைப்பாம்பு.

வேடிக்கை என்னவென்றால், இந்திக்காரர்களுக்கு வாய்க்காத ள மராத்தியில் உண்டு. தாளைப் பார்க்காமல் அப்பாவின் வாயைக் கேட்டு எழுதியிருந்தால் 'அளகர்' என்றாவது வந்திருக்கும். எங்கள் ஆத்தாவே என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். நடுவில் ஆங்கிலம் புகுந்ததால் பாம்பும் புகுந்தது.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தின் வடிவத்தைச் சொல்லவில்லை; நாக்கு நிற்கும் இடத்தைச் சொல்கிறார். நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தைத் தடவினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறார். 1886இல் பாரிஸில் தொடங்கிய ஒலியியல் சங்கத்தின் குறியீட்டில் ழ-வைத் தேடிப் பார்த்தேன். ஆங்கில ஆர் எழுத்தைத் தலைகீழாக்கி, ஒரு வால் வைத்திருக்கிறார்கள். இவர்களும் ரகரத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஆனால் அந்த வாலைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு மராத்திப் பையனுக்கு ழ வந்துவிடுமா? ஒலியைக் காதில் வாங்கியவனுக்குத்தான் குறி பேசும். மற்றவனுக்கு அது வெறும் கோடு.

சித்தப்பா இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். கிளம்பும் முன் ஊருக்கு அவர் எழுதிய கடிதத்தை நான்தான் தபாலில் சேர்த்தேன். அனுப்புநர் முகவரியில் அதே 'கோவண்டி'; ஓர் எழுத்தும் மாறவில்லை. ஊர் திரும்பும் நாளில், ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னார். யாரும் திருத்தவில்லை.