புளியமரத்தடிக் கிழவர்

எழுத்தாளனுக்கு வருகிற கடிதங்களில் பாதி பாராட்டு. மீதி, பணம் அல்லது முன்னுரை கேட்பது. 2019-ம் வருஷம் எனக்கு வந்த ஒரு கடிதம் இரண்டிலும் சேரவில்லை. ஒரு கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் எழுதியிருந்தார். முதுகலை மாணவி ஒருத்தி கொடுத்த ஆய்வேட்டில், ஜவ்வாது மலையைப் பற்றி நான் எப்போதோ பத்திரிகையில் எழுதிய கட்டுரை அப்படியே இருக்கிறதாம். விசாரணைக் கமிட்டி கூடும்போது நானும் வந்து, 'ஆமாம், இது என்னுடையதுதான்' என்று சொல்ல வேண்டுமாம். களவு போன பித்தளைக் குடத்தை அடையாளம் காட்டப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

உள்ளதைச் சொல்வதென்றால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. திருடத் தகுந்த சரக்கு நம்மிடமும் இருக்கிறதே! சலவைச் சட்டை போட்டுக் கொண்டு புறப்பட்டேன்.

முதல்வர் அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர், பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிகளை வாசித்தார். பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுதிக் கொடுக்கலாம். நாற்பதைத் தாண்டி அறுபது வரை போனால் ஒரு வருஷத்துக்கு மறுபடி சமர்ப்பிக்க முடியாது. அறுபதுக்கு மேல் என்றால் பதிவே ரத்து. பேராசிரியர் யந்திரத்தை நம்பாமல், தாமே பென்சிலால் கோடிட்டு வரி வரியாக எண்ணியிருந்தார். நாற்பத்து மூன்று சதவீதம்.

மூன்று சதவீதத்தில் ஒரு வருஷம் போகிறது. வருஷம் போனால் விடுதியில் இடம் போகும். விடுதி போனால் அந்தப் பெண் மலையேறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஏதோ ஒரு சிற்றூர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான்.

அவளைக் கூப்பிட்டார்கள். மெலிந்த பெண், பயந்திருந்தாள், ஆனால் அழவில்லை.

"ஏம்மா, உன் சொந்த ஊரைப் பற்றி எழுத என் கட்டுரையைப் பார்த்தா காப்பியடிப்பது?" என்றேன்.

"பாத்து எழுதலீங்க ஐயா," என்றாள் அவசரமாக. "மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். பாத்து எழுதினாத்தானுங்களே காப்பி?"

முதல்வர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் கோனார் நோட்ஸில் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து மார்க்கு வாங்கியவன்தான். பன்னிரண்டு வருஷம் எந்தக் காரியத்துக்காகப் பிள்ளையை 'கெட்டிக்காரி' என்று தட்டிக் கொடுத்தோமோ, அதே காரியத்தைப் பதினாறாவது வருஷத்தில் திருட்டு என்கிறோம். நடுவில் என்றைக்கு, யார் வந்து அவளிடம் சட்டம் மாறிவிட்டதென்று சொன்னார்கள்?

இப்படி அவளுக்காக வாதாட நான் வாயைத் திறக்கும்போதுதான், அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? அந்தப் புளியமரத்தடிக் கிழவரு எந்த ஊருங்க? லீவுல ஏழெட்டு ஊரு நடந்து விசாரிச்சேன். அப்படி ஒருத்தர யாருக்குமே தெரியலீங்க."

வாசகர்களுக்குக் கிழவரை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். நான் அந்த மலையில் மொத்தம் இரண்டே நாள் தங்கினேன். கட்டுரையில், புளியமரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு கிழவர் எனக்கு ஒரு கதை சொல்கிறார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். மறுக்கவே ஏழு கன்னிகளைத் தூக்கிப் போனார்கள். மீட்பதற்கு ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோமென்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. ஆண்கள் அக்கரை போய்ப் பகை முடித்து ஊர் வந்தபோது, வீட்டில் அவர்கள் மனைவியர் விதவைகளாக இருந்தார்கள். உயிரோடிருந்தும் ஊரில் இடமில்லை. மலையேறிவிட்டார்கள்.

அருமையான கதை. அது எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு பாகங்களாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இருக்கிறது. அவரும் வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்ததுதான். எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை. புத்தகம் என்றால் வாசகர்கள் கொட்டாவி விடுவார்களே என்று ஒரு கிழவரை உண்டாக்கினேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதே கட்டுரையில் காவலூர் வானாய்வகத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். 1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த ஒளி சில விநாடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருப்பதாகக் கருதி அப்படியே வெளியிட்டார்கள். அதே இரவு விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்த அமெரிக்கர்கள் கிரகத்தின் இரு புறமும் பலமுறை மங்கியதைக் கண்டார்கள். அது துணைக்கோள் அல்ல, வளையங்கள் என்று தெரிந்தது. காவலூர்க்காரர்கள் ஊகம் பிசகியது, கண்டது பிசகவில்லை. இந்தப் பகுதியை எழுதும்போது தேதியையும் பெயர்களையும் மூன்று முறை சரி பார்த்தேன். தப்பிருந்தால் விஞ்ஞானிகள் ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள் அல்லவா? மலை ஜனங்கள் போடமாட்டார்கள். ஆகவே அவர்களுக்குக் கிழவர் போதுமென்று விட்டேன்.

அந்தப் பெண்ணோ ஏழெட்டு ஊர் நடந்திருக்கிறாள்.

"அப்படி ஒருவர் இல்லை, அம்மா," என்றேன். அறையில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

"உங்கள் பாட்டியைக் கேட்டிருக்கலாமே?" என்று முதல்வர் அவளைக் கேட்டார், பேச்சை மாற்றுவதற்காக.

"பாட்டி நெறையப் பாட்டுச் சொல்லும் சார். சாமை அறுக்கறப்ப பாடறது. புஸ்தகத்துல இல்லாதத எழுதலாமான்னு தெரியலீங்க."

பிறகு வாதம் நடந்தது. கதைப் பகுதி என்னுடையதல்ல என்பதால் அந்தப் பக்கங்களைக் கணக்கிலிருந்து கழிக்கலாம் என்றார் முதல்வர். "கதை யாருடையதானால் என்ன சார்? இவள் எடுத்தது இவரிடமிருந்துதானே?" என்றார் பேராசிரியர். நியாயம் அவர் பக்கம்தான் என்று எனக்கு இப்போதும் படுகிறது. ஆனாலும் கழித்தார்கள். முப்பத்தாறு வந்தது. ஆறு மாதம் கிடைத்தது. பேராசிரியர் என்னிடம் விடைபெறும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

தை மாதம் புதிய ஆய்வேட்டின் பிரதி எனக்குத் தபாலில் வந்தது. முழுக்கப் பாட்டியின் பாடல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் யார் பாடியது, என்ன உறவு, எந்த ஊர், எந்த நாள் என்று குறித்திருந்தாள். ஒரு பாட்டில் நடுவே இரண்டு வரி காலியாக இருந்தது. பக்கத்தில், 'பாட்டிக்கு மறந்துவிட்டது' என்று எழுதியிருந்தாள். நானாயிருந்தால் அந்த இரண்டு வரியை இட்டு நிரப்பியிருப்பேன். அதுவும் நன்றாகவே நிரப்பியிருப்பேன்.

அந்தப் பழைய கட்டுரையும் இந்தத் தொகுதியில் வேறு பக்கத்தில் இருக்கிறது. கிழவரை எடுத்துவிட்டுத் தர்ஸ்டன் பெயரைப் போட்டிருக்கிறேன். புளியமரத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அது அங்கே நிஜமாகவே இருந்தது.