பணியும் பொறுப்பும்

மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கட்டிலருகே ஒரே நாளில் எத்தனை பேர் வந்து செல்கின்றனர்! மருத்துவர் ஒருமுறை வருகிறார். தாதி சிலமுறை வருகிறார். உதவியாளரோ பலமுறை வருகிறார். இவர்களுள் யார் எதைச் செய்யலாம், எதைப் பிறரிடம் ஒப்படைக்கலாம் என்பது வெறும் நிர்வாகச் செய்தியன்று. உயிரைப் பற்றிய செய்தியாகும்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், லொரெட்டா ஃபோர்டு என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினர். நோயாளியைத் தாமே ஆராய்ந்து மருத்துவம் செய்யவல்ல தாதியர் அவ்வழியே உருவாயினர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் 2003இல் தாதியர்க்கு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. மருத்துவரின் பணிகளுள் சில தாதியிடம் வந்தபோது, தாதியின் பணிகளுள் சில உதவியாளரிடம் சென்றன. எடை பார்த்தல், இரத்த அழுத்தம் அளத்தல், குறித்துவைத்தல் போன்றவற்றை அமெரிக்க மருந்தகங்களில் மருத்துவ உதவியாளர்களே செய்கின்றனர். ஆயினும், அளந்த எண்ணின் பொருளை ஆராய்தல், நோயைத் துணிதல், மருந்தைத் தேர்தல் ஆகியவை அவர்களிடம் விடப்படுவதில்லை.

ஒப்படைத்தலுக்கு ஐந்து நெறிகளைத் தாதியர் உலகம் வகுத்துள்ளது. தக்க பணி, தக்க சூழ்நிலை, தக்க ஆள், தக்க அறிவுறுத்தல், தக்க மேற்பார்வை என்பனவே அவை. ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைக் கற்ற நமக்கு முதல் மூன்றும் புதியன அல்ல. பின்னிரண்டின் அருமையை நான் உணர்ந்தது என் தாயார் நோயுற்றிருந்தபோதுதான்.

அவர் நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். அன்று பிற்பகல், இரத்த அழுத்தம் அளக்கும் பணியைத் தாதி ஓர் இளம் உதவியாளரிடம் ஒப்படைத்தார். “அளந்து எழுதுங்கள்” என்பதோடு அவர் நிற்கவில்லை. இந்த அம்மையார் மதிய உணவைச் சரியாக உண்ணவில்லை என்றும், வியர்த்தாலோ, நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே தம்மை அழைக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறினார்.

சிறிது நேரம் சென்றது. அளக்க வந்த பெண் தாயாரின் நெற்றியைப் பார்த்தார். முத்து முத்தாக வியர்த்திருந்தது. பெயரைக் கேட்டார், விடை தடுமாறி வந்தது. அக்கணமே அளவுக் கருவியை வைத்துவிட்டுத் தாதியை அழைத்தார். தாதி விரைந்து வந்து விரல்நுனி இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை லிட்டருக்கு 2.8 மில்லிமோல் என்று கருவி காட்டியது. 4க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்வாகும். தாயாரால் விழுங்க முடிந்ததால் குளுக்கோஸ் கரைத்த நீரைப் புகட்டினார். 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதித்தார். நினைவு தெளிந்தது. இன்னும் சற்றுத் தாழ்ந்திருப்பின் தாயார் நினைவிழந்திருக்கக் கூடும்.

அந்த உதவியாளர் நோயின் காரணத்தை ஆராயவில்லை. அஃது அவர் பணியுமன்று. எதைக் காண வேண்டும், யாரிடம் கூற வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனினும் மேலாக, அழைத்தால் சினந்துகொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. “நல்ல வேளை அழைத்தீர்கள்” என்று தாதி கூறியதைக் கேட்டபோது அந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. “இதற்கெல்லாமா அழைப்பது?” என்று முன்பொரு நாள் கடிந்திருந்தால், அப்பெண் எண்ணை மட்டும் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றிருக்க மாட்டாரா?

பணி கைமாறலாம்; அதற்குரிய பொறுப்பு கொடுத்தவரிடமே நிற்கிறது. நாளை தாதியராகவும் மருத்துவராகவும் விளங்கப்போகும் மாணவர்கள், பணியைக் கொடுக்கக் கற்பதோடு, அதைச் செய்பவர் அஞ்சாமல் வந்து சொல்லுமாறு நடந்துகொள்ளவும் கற்பார்களாக.