2 கிலோ இங்கிலாந்து!

2003-ம் ஆண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கு வந்து அன்றோடு மூன்று நாள். வீட்டுச் சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போன அந்த இளம் நர்ஸ், ஓர் அலமாரியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். எதிரில் வரிசையாக 'மார்மைட்' பாட்டில்கள்!

பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது ஒரு நியூசிலாந்துக்காரரை. கணவரையும் மாமியாரையும் தவிர, அந்த ஊரில் அவருக்கு முன்பே தெரிந்தது என்று இருந்தது அந்தப் பாட்டிலில் இருந்த பெயர் மட்டும்தான். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பிரெட்டை டோஸ்ட் செய்து, வெண்ணெய் தடவி, அதன்மேல் மார்மைட்டை மெல்லிசாக இழுத்துவிட்டு ஒரு கடி கடித்தார். மென்றார். பாட்டிலைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். கெட்டுப்போகவில்லை. ஆனால், இது அது இல்லை!

விஷயம் இதுதான். நியூசிலாந்தில் மார்மைட் என்ற பெயரில் விற்பது அந்த ஊர் கம்பெனியின் தயாரிப்பு. சர்க்கரையும் கேரமலும் சேர்ந்தது, கொஞ்சம் தித்திப்பாக இருக்கும். இங்கிலாந்து மார்மைட்டை அங்கே விற்க வேண்டுமென்றால் அந்தப் பெயரில் விற்க முடியாது. 'அவர் மேட்' என்று வேறு லேபிள் ஒட்டித்தான் விற்கிறார்கள். பெயர் இருக்கும் பாட்டிலில் ருசி இல்லை, ருசி இருக்கும் பாட்டிலில் பெயர் இல்லை. புது ஊருக்கு வந்த நாலாம் நாளே ஒருவருக்கு இது தெரியவந்தால் எப்படி இருக்கும்? அவர் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். ஊரை விட்டுக் கிளம்பியபோது, ஏர்போர்ட்டில்கூட அழாதவர்.

மார்மைட்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கறுப்புக் குழம்பு அது. பார்க்க லேகியம் மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் உப்பு சுள்ளென்று ஏறும். 1902-ல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தில் தொடங்கிய வியாபாரம். சிறு வயதில் பழகாதவர்களுக்கு முதல் வாயிலேயே முகம் கோணும். பழகியவர்களுக்கோ அது இல்லாமல் காலை விடியாது.

நமக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் ஜவுளி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு ஏன் அவ்வளவு ரத்தசோகை வருகிறது என்று ஆராய வந்தார். நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னையிலும்கூட வேலை பார்த்திருக்கிறார். கடைசியில் அந்தக் கர்ப்பிணிகளைத் தேற்றியது இந்த மார்மைட்தான். அதிலிருந்த மர்மச் சத்து என்ன என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் இன்று கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட். இலங்கையில் இன்றைக்கும் மார்மைட் பல வீடுகளில் புழங்குகிற சாமான். 1934-35 மலேரியா காலத்தில், அங்கே சத்துக்குறைவால் வாடியவர்களுக்கு இதைக் கொடுத்துத்தான் தேற்றினார்கள்.

ஆக்லாந்துக்கே வருவோம். மகள் அழுதது ஷெஃபீல்டிலிருந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, அடுத்த மாதமே ஒரு பார்சல் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று. நடுவில் பிறந்தநாளுக்கு ஒன்று. சின்ன பார்சல் 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது இங்கிலாந்து தபால் விதி. அதனால் அம்மா சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் கட்டுவார். கூடினால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுப்பார், குறைந்தால் இடுக்கில் நாலு டீ பேக்கைச் செருகுவார்.

பார்சலைத் திறந்தால் முதலில் கைக்கு வருவது ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ். அதற்குள் ஒரு கண்ணாடி பாட்டில். ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டிய 'ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ்'.

ஷெஃபீல்டைத் தாண்டினால் இங்கிலாந்துக்காரர்களிலேயே பலருக்கு இது என்னவென்று தெரியாது. 1885-லிருந்து அந்த ஊரில் தயாராகும் கறுப்பு சாஸ். இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு மணிக்கணக்கில் கொதித்த ஸ்டூவின்மேல் நாலு சொட்டு விட்டால்தான் ஷெஃபீல்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கும். அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்: வினிகர், சர்க்கரை, கிராம்பு, பூண்டு எண்ணெய், அப்புறம்... புளி! ஆமாம், நம்ம புளியேதான். இரும்பும் எஃகும் உருக்கிய ஓர் ஊரின் பிள்ளைகள், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் நாக்கில் தேடிக்கொண்டிருப்பது புளி சேர்ந்த ஒரு ருசியை. அவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

ஊரை விட்டுப்போன ஆங்கிலேயர்களைக் கேட்டுப் பாருங்கள். அரண்மனை விருந்தையோ அரை நாள் ஆகும் ரோஸ்ட்டையோ யாரும் நினைத்து ஏங்குவதில்லை. ஏங்குவதெல்லாம் தக்காளி சாஸில் ஊறிய டின் பீன்ஸுக்கும், டீயில் முக்கிச் சாப்பிடும் டைஜெஸ்டிவ் பிஸ்கட்டுக்கும், கஸ்டர்டு பவுடருக்கும்தான். கஸ்டர்டு பவுடருக்குப் பின்னாலும் ஒரு வீட்டுக் கதை உண்டு. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837-ல், முட்டையே இல்லாமல் சோள மாவை வைத்துக் கணவர் கண்டுபிடித்ததுதான் அது. நம் வீடுகளில் ஃப்ரூட் சாலட்டுக்கு ஊற்றுகிறோமே, அதேதான்.

பிரிட்டிஷ் சாப்பாட்டைக் கிண்டல் செய்வது உலகத்துக்கே பொழுதுபோக்கு. ருசியில்லை, மசாலா இல்லை, எல்லாம் பழுப்பு நிறம் என்பார்கள். கிண்டல் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஏங்குவதற்கு அந்தப் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் கையில் கிடைத்ததாக இருந்தால் போதும்.

அதையும் சட்டங்கள் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் கேட்பரி பெயரில் சாக்லேட் செய்யும் உரிமை ஹெர்ஷி கம்பெனியிடம் இருக்கிறது. அதன் செய்முறை வேறு. இங்கிலாந்திலிருந்து நேரடியாக வந்துகொண்டிருந்த கேட்பரி சாக்லேட்டின் இறக்குமதி, 2015-ல் ஓர் ஒப்பந்தத்தால் நின்றுபோனது. அங்கே குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள் கொதித்துப்போய்க் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஆட்டு நுரையீரல் சேர்ந்த உணவுக்கு அமெரிக்கா 1971-லேயே தடை போட்டுவிட்டதால், அவர்களுடைய ஹேகிஸ் அதன் அசல் வடிவில் அங்கே நுழைய முடியாது.

ஐரோப்பியப் பக்கத்தில் சிக்கல் பிரெக்ஸிட் ரூபத்தில் வந்தது. 2021 ஜனவரி முதல், பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் போகிறவர்கள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. நெதர்லாந்து துறைமுகம் ஒன்றில், பிரிட்டனிலிருந்து வந்த லாரி டிரைவரிடமிருந்து ஹாம் சாண்ட்விச்சை அதிகாரிகள் பறித்த காட்சி டி.வி-யில் வந்தது. பிரெட்டையாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று டிரைவர் கெஞ்சியும் கிடைக்கவில்லை. அதே நெதர்லாந்தில்தான், லேபிளில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் படத்தோடு விற்கும் ஹெச்.பி. சாஸ் 2007-லிருந்து தயாராகிறது. வெளிநாட்டில் குடியேறியவர்கள் கணக்கில் அந்த சாஸையும் சேர்த்துக்கொள்ளலாம்!

ஆக்லாந்தில் நம் நர்ஸுக்கு 2004-ல் ஒரு மகள் பிறந்தாள். அம்மா ஆசை ஆசையாக இங்கிலாந்து மார்மைட்டைத்தான் முதலில் ஊட்டினார். குழந்தை துப்பியது. பள்ளிக்கூடத்தில் தோழிகளின் டப்பாவிலிருந்து ஊர் மார்மைட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து, "இதுதாம்மா நல்லா இருக்கு" என்றது. வீட்டு அலமாரியில் அன்றிலிருந்து இரண்டு பாட்டில்கள்.

2011 பிப்ரவரியில் வந்த கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் அந்த ஊர் மார்மைட் தொழிற்சாலை சேதமாகி, சில மாதங்களில் மூடப்பட்டது. 2012-ல் நாடு முழுக்க மார்மைட் தீர்ந்துபோனது. மிஞ்சியிருந்த பாட்டில்கள் ஆன்லைன் ஏலத்துக்கு வந்தன. பிரதமர் ஜான் கீயே தன் கையிருப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது பெரிய செய்தி. 2013 மார்ச்சில்தான் கடைகளுக்குத் திரும்பியது. அந்த ஒரு வருடமும் எட்டு வயது மகள் தினமும் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எதிரே அம்மா தன் பாட்டிலைத் திறந்து நிம்மதியாக டோஸ்ட்டில் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சிரிப்பும் வந்தது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

2022 அக்டோபரில் ஷெஃபீல்டிலிருந்து போன் வந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கமெல்லாம் ஆனபின் வீட்டை ஒழிக்கும் வேலை. சமையலறையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. டீ பேக், ஜாஃபா கேக், கஸ்டர்டு பவுடர், இரண்டு ஹெண்டர்சன்ஸ் பாட்டில்கள், விலைச் சீட்டு கிழிக்காத ஒரு ஜோடி சாக்ஸ். நவம்பர் பார்சலுக்காக அம்மா முன்கூட்டியே வாங்கி வைத்தது. எல்லாவற்றையும் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தார். 2 கிலோவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. எதை எடுப்பது என்று அம்மா இன்னும் முடிவுசெய்திருக்கவில்லை.

பையை அப்படியே சூட்கேஸில் வைத்துக்கொண்டார். நியூசிலாந்து விமான நிலையத்தில் உணவு விஷயத்தில் கெடுபிடி அதிகம். கொண்டுவரும் தின்பண்டம் அத்தனையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும், மறைத்தால் 400 டாலர் அபராதம். அதிகாரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். சாக்ஸுக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்து, "இதில் என்ன?" என்று கேட்டார். "சாஸ்" என்பதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அதிகாரி பாட்டிலைப் பழையபடி சாக்ஸுக்குள்ளேயே வைத்துத் தந்தார்.

ஆக்லாந்தில் பிரிட்டிஷ் சாமான்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. விலை கூடுதல், ஆனால் அம்மா அனுப்பியதெல்லாம் அனேகமாக அங்கேயே கிடைக்கும். இத்தனை வருடம் அது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை.

2024-ல் இருபது வயது மகள் வேலை செய்துகொண்டே ஊர் சுற்றிப் பார்க்க லண்டன் போனாள். நியூசிலாந்துப் பிள்ளைகள் பலரும் ஒருமுறை செய்வதுதான் இது. போன இரண்டாவது வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அம்மா, இங்க கடையில மார்மைட்னு பார்த்து ஓடிப்போய் வாங்கினேன். நீ சாப்பிடுற அதே உப்புக் குழம்பு! நம்ம மார்மைட் ரெண்டு பாட்டில் அனுப்பி வையேன், ப்ளீஸ்."

அவர் அதை மூன்று முறை கேட்டார். மறுநாள் டியூட்டிக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் வண்டியை நிறுத்தினார். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. இடம் மீதமிருந்ததால் ஒரு ஜோடி சாக்ஸும் வைத்திருந்தார். கவுன்ட்டரில் இருந்த பையன் சுங்கப் படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இங்கிலாந்துக்கு மார்மைட்டா?"

"ஆமாம்ப்பா" என்றார் அவர். "இது வேற."