தலையெழுத்து அழியுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

"எல்லாம் தலையெழுத்து" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. மழை பொய்த்தாலும் தலையெழுத்து; மாடு செத்தாலும் தலையெழுத்து. என் அண்ணன் எட்டாம் வகுப்புத் தேறியதும் பள்ளியை விட்டு லேத் பட்டறைக்குப் போனானே, அதுவும் தலையெழுத்துதான் என்பாள் அம்மா. அந்த எழுத்தை அழிக்க முடியும் என்று 180 ஆண்டுகளுக்கு முன்பே இலண்டன் மாநகரில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். அதற்கு வழிகாட்டியது ஒரு பழைய திரைப்படம்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பர் 19ஆம் நாள் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் சிறு நூலை வெளியிட்டார். அதன் நாயகன் ஸ்க்ரூஜ் ஒரு மகா கருமி. தன்னிடம் கணக்கெழுதும் பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங் கூலி கொடுப்பான்; கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஒரே ஒரு நாள் விடுமுறை கேட்டால் முணுமுணுப்பான். பண்டிகைக்கு முந்தைய இரவில், இறந்துபோன அவன் கூட்டாளி மார்லி ஆவியாக வருகிறான். அவனைத் தொடர்ந்து வரும் மூன்று ஆவிகள் நேற்றையும் இன்றையும் நாளையையும் காட்டுகின்றன. தன் கல்லறையில் பொறித்த தன் பெயரைக் கண்டு நடுங்கிய ஸ்க்ரூஜ், பொழுது விடியும்போது புதிய மனிதனாக எழுகிறான். 1901இலேயே இக்கதை இங்கிலாந்தில் சில நிமிட ஊமைப்படமாக வந்துவிட்டது. அன்று முதல் எத்தனையோ பேர் ஸ்க்ரூஜாக நடித்துவிட்டார்கள்.

ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், "இதைப் படி, மொழி வசப்படும்" என்று சொல்லி இந்நூலின் சுருக்கப் பதிப்பு ஒன்றைக் கொடுத்தார். அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். பிறகு 1951ஆம் ஆண்டுப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் அது. ஸ்க்ரூஜாக அலஸ்டைர் சிம் நடித்திருக்கிறார். பட்டறையிலிருந்து வந்த அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

இரண்டாவது ஆவி விடைபெறும் நேரம். அது தன் நீண்ட அங்கியை விலக்குகிறது. உள்ளே கந்தலும் எலும்பும் தோலுமாய் இரண்டு குழந்தைகள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் படித்த நூலில் இவர்கள் இல்லையே!

"யாருடா அந்தப் பையன்?" என்றான் அண்ணன்.

"அவன் பேரு அறியாமைண்ணே. அந்தப் பொண்ணு பேரு வறுமை. ரெண்டு பேருகிட்டயும் எச்சரிக்கையா இருன்னு ஆவி சொல்லுது."

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவனப் பாத்து எதுக்குடா பயப்படணும்? அவன் யாரை என்ன பண்ணினான்?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தைகள் இருவரும் படக்காரர்களின் கற்பனை என்றே எண்ணினேன். மறுநாள் கல்லூரி நூலகத்தில் முழு நூலைத் தேடிப் பிடித்தேன். என்ன வியப்பு! இருவரும் டிக்கன்ஸ் பெற்ற பிள்ளைகளேதான். சுருக்கியவர் கத்தரித்தது அவர்களைத்தான்! இன்னொன்றும் நூலில் இருந்தது. இருவரிலும் அந்தப் பையனுக்கே மிகவும் அஞ்ச வேண்டும் என்கிறது ஆவி. ஏனெனில் அவன் நெற்றியில் அழிவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து அழிக்கப்பட்டாலொழிய! நம் பாட்டிமார் சொல்லும் தலையெழுத்தேதான். ஆனால் நம்மவர் அழியாது என்கிறார்கள்; டிக்கன்ஸ் அழிக்கலாம் என்கிறார்.

அவர் இதை வீட்டில் உட்கார்ந்து கனவு கண்டு எழுதவில்லை. தந்தை கடன் பட்டுச் சிறை சென்ற 1824இல், தம் பன்னிரண்டாம் வயதில், பள்ளியை விட்டுக் காலணி மெருகு செய்யும் ஆலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியவர் அவர். 1843இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துப் பதைத்தார். ஏழையின் பிள்ளைக்காக நாட்டு மக்களிடம் முறையிடும் துண்டு நூல் ஒன்று எழுத எண்ணினார். அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டனில் பரம ஏழைப் பிள்ளைகள் படித்த 'கந்தல் பள்ளி' ஒன்றையும் நேரில் கண்டார். துண்டு நூல் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஏறக்குறைய ஆறே வாரத்தில் இக்கதையை எழுதி முடித்தார். ஆகவே அந்த இரு குழந்தைகளும் கதைக்கு ஒட்டுப்போட்டவர்கள் அல்லர். கதை பிறந்ததே அவர்களால்தான்.

அதன்பின் வேறு படங்களையும் தேடிப் பார்த்தேன். ஸ்க்ரூஜாக நடித்தவர்களில் சிறந்தவர் யார் என்று பலரும் வாதிடுகிறார்கள். நான் வைத்த உரைகல் வேறு: குழந்தைகள் இருவரும் இருக்கிறார்களா?

1938இல் அமெரிக்காவில் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த படத்தில் ரெஜினால்ட் ஓவன் ஸ்க்ரூஜ். கிராட்சிட் எறிந்த பனி உருண்டை தவறி ஸ்க்ரூஜின் தொப்பியில் பட, அவன் வேலையே போகிறது. நூலில் இல்லாத இந்தக் காட்சிக்கு அங்கே இடம் இருக்கிறது. குழந்தைகளுக்கு இடம் இல்லை. குடும்பத்தோடு மகிழ்ந்து பார்க்க வேண்டிய படத்தில் அவர்களை எங்கே உட்கார வைப்பது!

1992இல் வந்த மப்பெட் பொம்மைகளின் படம் எனக்கு மிகவும் பிடித்தது. தவளைப் பொம்மைதான் கிராட்சிட். இத்தனை பொம்மைகளுக்கு நடுவிலும் மைக்கேல் கெய்ன் ஸ்க்ரூஜாகச் சிறிதும் கேலியின்றி நடித்திருக்கிறார். சிரித்தேன், கண்ணும் கலங்கினேன். ஆயினும் அங்கேயும் குழந்தைகள் இல்லை.

2009இல் ராபர்ட் ஜெமிக்கிஸ் இயக்கிய படத்தில் ஜிம் கேரியின் நடிப்பைக் கணிப்பொறி வழியே சித்திரமாக்கியிருக்கிறார்கள். இதில் குழந்தைகள் உண்டு. கண்ணெதிரே வளர்ந்து, பையன் கம்பிக்குப் பின்னால் நிற்கும் கொடியவனாகிறான். பயம் வருகிறது, இரக்கம் வரவில்லை.

என் மனம் நிறைந்தது 1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட படத்தில்தான். ஜார்ஜ் சி. ஸ்காட் ஸ்க்ரூஜ், இயக்கியவர் கிளைவ் டோனர். 1951ஆம் ஆண்டுப் படத்தின் படத்தொகுப்பாளரும் இவரே! அன்று தம் கையால் வெட்டி ஒட்டிய குழந்தைகளை இவர் மறக்கவில்லை போலும். குழந்தைகளைக் கண்ட ஸ்க்ரூஜ், மூடிவிடு, பார்க்க விருப்பமில்லை என்கிறான். மூடினாலும் அவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்கிறது ஆவி. குழந்தைகளை விட்டுவிட்ட படங்களுக்கும், எனக்குக் கிடைத்த சுருக்கப் பதிப்புக்கும் இதுவே பதில் என்று தோன்றியது.

இன்னொன்றையும் கவனித்தேன். கதையில் இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று ஸ்க்ரூஜின் கல்லறைக் கல்லில்; மற்றொன்று அந்தப் பையனின் நெற்றியில். நான் பார்த்த எல்லாப் படங்களிலும் கல்லறை எழுத்து இருக்கிறது. பணக்காரன் தன் எழுத்தைத் துடைக்கக் கெஞ்சுவதை எவரும் விட்டுவிடவில்லை. விடுபட்டவன் ஏழைப் பையன்தான்.

அண்ணனுக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. "அந்தப் பையன் ஒண்ணும் பண்ணலண்ணே. அவன் நெத்தியில எழுதிட்டு, அழிக்காம விட்டவங்கதான் பயப்படணும்" என்றேன். "அவன் நெத்தி அவனுக்கே தெரியாதுல்ல? வேற ஆளுதான் அழிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான் அண்ணன்.

நான் அப்படியே நின்றேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணமும் பேருந்துக் காசும் அவன் பட்டறைக் கூலி. என் நெற்றி எழுத்தை எண்ணெய்ப் பிசுக்குக் கையால் துடைத்தவன் அவன். அவன் நெற்றியை யார் துடைப்பது?

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று அவனிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். அடுத்த வாரம் அவனாகவே, "அறிவியலுக்குச் செய்முறை வகுப்பு உண்டாமே, அதுக்குப் போகணுமாடா?" என்று கேட்டான். போகத்தான் வேண்டும். பட்டறை முதலாளி விடுப்புத் தருவாரோ மாட்டாரோ! ஆவிகள் மூன்றும் அவரிடம் போகப் போவதில்லை; நான்தான் போய்க் கேட்க வேண்டும். இப்போதைக்கு இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் கணக்குப் பாடம் நடக்கிறது. இயற்கணிதம் வரை வந்திருக்கிறோம்.