போட்டியும் தோழமையும்

காஞ்சியில் தறிக்குழியில் காலிறக்கி நாளெல்லாம் பட்டு நெய்வோர்க்கு உழைப்பு உண்டு, நடை இல்லை. பெரியவர்கள் வாரம் 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டுமென 2020இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. ஆகவே நாமும் நண்பர்களும் இரு அணிகளாகிச் சுபுஹுத் தொழுகைக்குப்பின் நடைப்போட்டி தொடங்கினோம். முந்துவோர்க்கே மதிப்பெண் என்றனர் இளைஞர். முழங்கால் வலியால் பின்தங்கிய நெசவாளி நண்பரோ, அணிக்குப் பாரமாகிறோமென விலக முனைந்தார்.

அஸ்லம் கூட்டத்தாரின் அம்பெய்தல் நம் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) ஓரணியில் சேரவே, மறு அணியினர் எய்வதை நிறுத்தினர். தாம் அனைவருடனும் இருப்பதாக அண்ணலார் அறிவித்துப் போட்டியைத் தொடரச் செய்தார்கள் என்கிறது ஸஹீஹுல் புகாரி.

நாமும் விதியை மாற்றினோம்: அணி முழுதும் ஒன்றாக நடந்து முடித்த நாளுக்கே மதிப்பெண். முந்தியோடிய இளைஞர் இன்று அந்நண்பரின் நடைக்குத் தம் நடையை இசைக்கின்றனர்.